அடுப்படியில் ஓர் ஆண்

கல்லாவியில் ஒரு நாள் விடியற்காலையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். தொழிற்சாலை வண்டி ஒன்று வந்து நின்றது. சீருடை அணிந்த பெண்கள் ஏறிக்கொண்டார்கள். ஒரு தாய் ஓடிவந்து ஜன்னல் வழியே மகளிடம் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். எதிரே டீக்கடை பெஞ்சில் ஆண்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில், 10,000 பெண்களே நடத்தப்போகும் ஸ்கூட்டர் தொழிற்சாலை என்று 2021-ல் ஓலா நிறுவனம் அறிவித்தது. “உலகம் தலைகீழாகிவிட்டது, ஸார்!” என்றார் ஒரு நண்பர். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைகீழ் உலகத்தை நான் ஒரு கதையில் பார்த்திருக்கிறேனே!

வங்காளத்து ரொக்கையா ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’தான் அது. 1905-ல் நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய மாதர் பத்திரிகையில் வெளிவந்தது. அதில் வரும் நாட்டில் பெண்கள் ஆள்கிறார்கள், விஞ்ஞானம் வளர்க்கிறார்கள். ஆண்களோ கோஷாவில் இருந்து சமைக்கிறார்கள், குழந்தை வளர்க்கிறார்கள். தெருவில் கூச்சத்துடன் நடக்கும் சுல்தானாவைப் பார்த்து, ‘ஆண்பிள்ளைபோல் இருக்கிறாளே’ என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். ஒரே வார்த்தையைத் திருப்பிப் போட்டு, வழக்கத்தையே இயற்கை என்று நம்பும் நம்மை ஆசிரியை பிடித்துவிடுகிறார். பக்கம் பக்கமான பிரசங்கம் செய்ய முடியாத காரியம் இது.

ஆண்களைச் சிறை வைப்பது நியாயமா என்று கேட்பவர்கள் கதையைத் தவறாகப் படிக்கிறார்கள். அது சட்டமல்ல, முகம் பார்க்கும் கண்ணாடி.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. சூரிய வெப்பத்தால் சமைக்கும் புகையில்லாத அடுக்களைக்குச் சுல்தானாவை அழைத்துப் போகிறார்கள். விருந்தாளி வருகிறாள் என்று அங்கிருந்த ஆண்களை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறார்கள்! கரண்டி பிடித்த ஓர் ஆணைக்கூட நாம் பார்ப்பதில்லை. அவன் என்ன நினைத்தான்? அலுத்துக்கொண்டானா, அல்லது பழகிவிட்டானா? நாவலாசிரியன் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ரொக்கையாவுக்காவது சாக்கு உண்டு, அது கனவு. நமக்கு என்ன சாக்கு? நம் கதைகளில் பெண்ணை எத்தனையோ முறை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோம். அவள் விட்டுச் சென்ற அடுப்படியில் மாமியாரையோ தாயையோ நிறுத்திவிட்டு, பிரச்னை தீர்ந்ததென்று பேனாவை மூடிவிடுகிறோம். இது இடமாற்றமல்ல, ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாற்றுவது.

கல்லாவி வண்டி புறப்பட்டது. டப்பா கொடுத்த தாய் வேகமாக வீட்டுக்குத் திரும்பினாள். டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது எழுந்திருப்பார்களா என்று பார்த்தேன். அந்தக் கதையை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை.