24 மணி நேரம்: எந்த வெப்பநிலையில்?

சாந்து டப்பாவின் மீதுள்ள குறிப்பை யாரும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதுவும் அறிவியல் எழுத்துதான். தீச்செங்கற்களை ஒட்டும் சாந்துடன் வழக்கமாக வரும் அறிவுரையைப் பாருங்கள்: பூசியபின் 24 மணி நேரம் உலர விட வேண்டும், பிறகு மெல்லச் சூடேற்ற வேண்டும்.

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மாண்டிலும் மேப்பிள் பாகு காய்ச்சுவோருக்கு இது எந்த அளவு உதவும்? இரவில் உறைபனி, பகலில் சற்று வெப்பம் என்று மாறி வரும் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதமே. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். இதற்கென்றே அகன்ற தட்டு வாணலியும், அதன்கீழ்த் தீச்செங்கல் பதித்த விறகடுப்பும் உண்டு. சாறு நெடுநேரம் கெடாமல் இராது. எனவே குளிர் நீங்குமுன்பே அடுப்பைப் பழுது பார்த்து, உடனே மூட்ட வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

குறிப்பின் முதற்குறை, மணிக்கணக்கைச் சொல்லி வெப்பநிலையை விட்டுவிட்டதே. இத்தகைய சாந்துகள் பலவற்றில் பிணைக்கும் பொருள் சோடியம் சிலிகேட்டு. நீர் வெளியேற வெளியேறத்தான் அது இறுகும். நீரின் ஆவியழுத்தம் 20° செ. வெப்பநிலையில் 17.5 மி.மீ. பாதரசம், 0° செ. வெப்பநிலையில் 4.6 மி.மீ. மட்டுமே. காற்றின் ஒப்பு ஈரப்பதம் மாறவில்லை என்று கொண்டாலும், ஆவியாதலைத் தூண்டும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழக் கால் பங்காகிறது. ஒரு நாள் வேலைக்கு நான்கு நாள்! இடையில் சாந்து உறைந்தால் நிலைமை இன்னும் மோசம். பனிக்கட்டியாகும் நீர் சுமார் 9 சதவீதம் பருத்து, இறுகாத சாந்தின் துகள்களை விலக்கிவிடும். உருகினாலும் பழைய நெருக்கம் திரும்பாது.

மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறே. உள்ளே ஈரம் சிறைப்பட்டிருக்கும். பெருந்தீ மூட்டினால் 1 க.செ.மீ. நீர் 1,600 க.செ.மீ.க்கும் மேற்பட்ட நீராவியாகும். வழி கிடைக்காத ஆவி சாந்தை உப்பச் செய்யும், பிளக்கும். மெல்லச் சூடேற்றச் சொன்னது சரிதான். ஆனால் காரணம் சொல்லாத அறிவுரையைத்தான் அவசரக்காரர் முதலில் மீறுவார்.

குற்றம் குறிப்பு எழுதியவருடையது மட்டுமன்று. சிமெண்டு காய்ந்து இறுகுகிறது என்று எழுதிய மாணவருக்கு நானே மதிப்பெண் போட்டிருக்கிறேன். கட்டடச் சிமெண்டு நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது; அதனால்தான் அதற்கு நாள்தோறும் நீர் தெளிக்கிறோம். சூடுபடாத சிலிகேட்டுச் சாந்துக்கும் அப்படித் தெளித்தால் அது இளகிவிடும்!

அக்குறிப்பை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: செங்கல்லையும் சாந்தையும் முதலில் வெதுவெதுப்பாக்குங்கள். இணைப்பு 2, 3 மி.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். அடுப்பினுள் சிறு வெப்பூட்டி ஒன்றைச் சில நாள் வைத்து, ஈரக்காற்று வெளியேறப் புகைபோக்கியைத் திறந்து விடுங்கள். முதலில் மூட்டுவது சுள்ளித் தீயாக இருக்கட்டும். அதற்கும் முன் வாணலியில் நீர் ஊற்றிவிடுங்கள். வெறும் வாணலி தீய்ந்துவிடும்.