'புதிய ருஷ்யா': விழுந்தவனும் வீழ்த்தியவர்களும்

பாரதியின் 'புதிய ருஷ்யா'வை நம்மவர்கள் இரண்டு விதமாகப் படித்து வந்திருக்கிறார்கள். ஒரு சாரார் அதிலிருந்து மாகாளியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது அக்டோபர் புரட்சிக்குத் தமிழ் சொன்ன முதல் வாழ்த்து. காளி பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த அலங்காரம். இன்னொரு சாராருக்கு மாகாளிதான் எல்லாம். ருஷ்யா அவள் ஆடக் கிடைத்த மேடை. இரு சாராரும் கவிதையைப் பாதியாக வெட்டித் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டவர்கள். ஜார் ஆட்சி ஏன் விழுந்தது என்று இந்தக் கவிதை என்ன சொல்கிறது என்ற நேரான கேள்வியை யாரும் அதனிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு விவரம். கவிதையின் துணைத்தலைப்பு பேசுவது ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியை. ஜார் இரண்டாம் நிக்கலஸ் முடிதுறந்தது 1917 மார்ச் 15-ல். நவம்பரில் விழுந்தது கெரன்ஸ்கியின் இடைக்கால அரசு. லெனினின் வழி பற்றிப் பாரதி பிறகு 'செல்வம்' கட்டுரையில் எழுதினார். அங்கே சமத்துவம் என்ற நோக்கத்தை ஏற்கிறார், கொலையும் ஆயுதமும் கொண்டு அதை நிறுவ முடியும் என்பதை மறுக்கிறார். ஆகவே கவிதையை நவம்பருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது சுலபமில்லை. அது ஒரு முடியாட்சியின் முடிவைப் பற்றிய கவிதை. அந்த முடிவுக்கு அது இரண்டு காரணங்கள் வைத்திருக்கிறது.

ஒரு காரணம் பட்டியலாக வருகிறது: உழுகிறவனுக்குச் சோறில்லை, நோய் உண்டு, பொய்யைக் கும்பிடுகிறவனுக்குச் சொத்து உண்டு, உண்மை பேசுகிறவனுக்குச் சிறையும் தூக்கும் சைபீரியாவும் உண்டு. மற்றொரு காரணம் தேவியின் கடைக்கண். அவள் பார்த்தாள், அவன் முடிந்தான். பட்டியலுக்கும் பார்வைக்கும் நடுவில் எதுவும் நடப்பதில்லை. இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிற இடம்.

கவிதையின் வினைச்சொற்களை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜாருக்கு உரியவை ஆளுதல், மதியாதிருத்தல், பிறகு வீழ்தல். புரட்சிக்கு உரியது எழுதல். சூழ்ச்சிக்காரர்களுக்குச் சரிதல், பேய்களுக்கு மடிதல். அமரர்கள்கூடத் தோள் தட்டுகிறார்கள். மக்கள்? முதலில் அவர்கள் தவிக்கிறார்கள். இடையில் அவர்களிடம் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு குறிப்பு வினைகள்தான் இருக்கின்றன. கடைசியில் எல்லாம் முடிந்த பிறகு, குடியரசு என்று கூறுகிறார்கள். விழுதல் கவிதை முழுக்க இருக்கிறது, வீழ்த்துதல் ஓரிடத்திலும் இல்லை. புயலில் மரங்கள் சாய்ந்து காடு விறகாகிறது. கோடரி பிடித்த கை எதுவும் தெரிவதில்லை.

புயல் என்ற உவமையில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 1613 முதல் 304 வருஷம் ஆண்ட ரோமனாவ் வம்சம் எட்டு நாளில் போயிற்று. மார்ச் 8-ல் பெட்ரோகிராடின் வைபோர்க் பகுதியில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 15-ல் பிஸ்கோவில் ஒரு ரயில் பெட்டியில் ஜார் கையெழுத்துப் போட்டான். 16-ல் தம்பி மிகாயில் முடியை வேண்டாம் என்றான். தூரத்திலிருந்து பத்திரிகைத் தந்திகளில் இதைப் படித்த ஒருவருக்கு மலை சரிந்தது போலத்தான் இருந்திருக்கும்.

கிட்டத்தில் போனால் ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது. 1914-ல் தொடங்கிய யுத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேரைக் கிராமங்களிலிருந்து பிடுங்கிப் போனார்கள். நாட்டில் தானியம் இருந்தது. ரயில்கள் போர்முனைக்கு ஓடியதால் தலைநகரில் ரொட்டி இல்லை. 1915-ல் ஜார் தானே படைத்தலைமை ஏற்றுத் தலைநகரை விட்டுப் போனான். அதன் பிறகு அவன் விழும்வரையான ஒன்றரை வருஷத்தில் பிரதமர் பதவியில் நான்கு பேர் வந்துபோனார்கள். 1906-ல் கூடிய முதல் டூமாவை மூன்று மாதம்கூட உயிரோடு விடவில்லை. 1917 மார்ச் 11-ல் டூமாவின் தலைவர் ரோட்ஸியான்கோ நிலைமையைத் தந்தியில் எழுதியபோது, அதைப் பிதற்றல் என்று ஒதுக்கிப் பதில்கூடப் போடவில்லை. ஊருக்குத் திரும்ப ரயிலேறினால் முன்னே பாதை கலகக்காரர் கையில். சொந்த ரயிலில் சொந்த வீட்டுக்குப் போக முடியாதவனிடம், சேனாதிபதிகளும் தந்தி வழியே ஒரே அபிப்பிராயம் சொன்னார்கள்: இறங்கிவிடு.

இதில் பாரதியின் பட்டியல் எவ்வளவு சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்பது ஆச்சரியம். பசியைச் சொல்லிவிட்டு அது பேச்சுக்கு வருகிறது, பேச்சிலேயே நிற்கிறது. முணுமுணுத்தாலும் சிறை, கேள்வி கேட்டாலும் நாடுகடத்தல் என்ற நிலைதான் அதன் உச்சம். தேவி காப்பாற்றுவதும் உண்மை பேசுகிறவர்களைத்தான். மக்களின் கடைசி வினை கூறுதல் என்பதும் தற்செயல் இல்லை. பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் கடைசியில் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு சட்டமாகிறது. வாய்களை அடைத்த அரசு தன் காதுகளையும் அடைத்துக்கொள்கிறது. ரோட்ஸியான்கோவின் தந்தி போய் விழுந்தது அப்படி ஒரு காதில்.

இதைவிட முக்கியமான ஒன்று ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஜாரைப் பாரதி இரணியனுக்கு ஒப்பிடுகிறார். கொடுங்கோலனுக்கு ஓர் அசுரன் பெயர் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். இரணியன் கதையே பேச்சைப் பற்றிய கதை. தன் பெயரைத் தவிர வேறு பெயரைச் சொல்லக்கூடாது என்றவன் அவன். சொன்ன பிள்ளையை யானைக்காலிலும் நெருப்பிலும் போட்டவன். அவன் முடிவு தூணிலிருந்து வருகிறது. அந்தத் தூணை அறைந்தது யார்? அவனேதான்.

பெட்ரோகிராடில் நடந்தது இதுவே. ஜாரின் உத்தரவை ஏற்று மார்ச் 11-ல் படைகள் கூட்டத்தைச் சுட்டன. சுட்டவர்களில் வொலின்ஸ்கி ரெஜிமெண்ட் பயிற்சிப் பிரிவுச் சிப்பாய்களும் உண்டு. இரவு முழுக்கத் தங்களுக்குள் பேசிவிட்டு, மறுநாள் காலை கலகத்தைத் தொடங்கியது அதே பிரிவுதான். தன் கூரையைத் தாங்கிய தூணை ஜார் தன் கையால் அறைந்தான். உள்ளே இருந்தவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். சுடப்பட்டவர்களின் பசி அவர்கள் வீட்டிலும் இருந்தது. இரணியன் உவமையைப் பாரதி கடைசிவரை கொண்டுபோயிருந்தால் ஜார் ஆட்சி விழுந்ததற்கு அதைவிடத் தெளிவான காரணம் தமிழில் கிடைத்திருக்காது. அவர் பாதியில் அதை விட்டுக் காளியிடம் போய்விட்டார்.

ஏன் போனார்? கூட்டம் செய்யக்கூடியதை அறியாதவர் அல்ல பாரதி. 1906-லேயே 'இந்தியா' பத்திரிகையில் ருஷ்யக் கிளர்ச்சிகளைப் பற்றி எழுதியவர். 1908 பிப்ரவரியில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடியில் ருஷ்யப் புரட்சியை உதாரணம் காட்டிப் பேசினார். அதே மாதம் 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஜெயித்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைதாக, 13-ல் திருநெல்வேலி எழுந்தது; போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். பிறகு வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், பாரதி புதுச்சேரியில். 1910-ல் பத்திரிகைச் சட்டம், 'இந்தியா' நின்றது. 1911-ல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டதோடு மிச்சமிருந்தவர்களும் சிதறினார்கள். சைபீரியா என்று எழுதுகிறபோது அவர் மனதில் கோயம்புத்தூரும் கண்ணனூரும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1917-ல், ஒன்பதாவது வருஷத் தலைமறைவில், அவரைச் சுற்றிக் கூட்டம் இல்லை. செய்தவர்களெல்லாம் சிறைக்குள் போய் நொடிந்து வெளிவந்த காலத்தில், செய்வதற்கு ஒருத்திதான் பாக்கி. ஆகவே கவிதையில் மக்கள் இல்லாத குறையைப் பாரதியின் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஒரு தோல்வியின் தழும்பு.

அவருக்கு அந்த நியாயம் உண்டு. அவரைப் படித்த நமக்கு என்ன நியாயம்? காளியைக் கழித்த முற்போக்கு விமர்சகர்கள் அவள் இடத்தில் வரலாற்று விதியை உட்கார வைத்தார்கள். விதி பார்த்தது, ஜார் விழுந்தான். வாக்கியம் மாறவேயில்லை. ரொட்டிக் கடை வரிசையில் நின்ற பெண்ணும், ராத்திரி தூங்காத சிப்பாயும் இந்த வாசிப்பிலும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாக நண்பர்கள் சொல்லக்கூடும். நான் இதை எழுதுவது ஆலங்குளத்தில், வெம்பக்கோட்டைப் பக்கத்தில். எங்கள் ஊர் சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஊர், சுற்றிலும் பட்டாசு. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் வெடித்தபோது 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் எந்த விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வருகிற வாக்கியம் எங்களுக்கு மனப்பாடம்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. ரசாயனப்படி அது பொய்யில்லை. உராய்வு ஏற்படத்தான் செய்தது. ஆனால் அறைக்குள் இருக்கவேண்டிய எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்கார வைத்தவர், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவர், வெயிலிலும் கையை வேகப்படுத்தும்படி கூலியை உருப்படிக் கணக்கில் வைத்தவர், வந்து பார்க்கவேண்டிய நாளில் வராதவர் என்று யாருக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. உராய்வுக்கு எழுவாய் கிடையாது. இங்கே மருந்து என்ன, பொறி என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொறியைக் காரணம் என்று சொல்வது மருந்தை அடுக்கி வைத்தவனுக்குச் செய்கிற உபகாரம்.

அழிவைத் தன்வினையில் எழுதினால் பொறுப்பு காணாமல் போகிறது. வெற்றியைத் தன்வினையில் எழுதினால் செய்தவர்கள் காணாமல் போகிறார்கள். இரண்டும் ஒரே பழக்கம்தான். அதைக் கவிதையில் ரசிக்கிற நாம் பேப்பரிலும் கேள்வியில்லாமல் படித்துவிட்டுப் போகிறோம்.

'புதிய ருஷ்யா' பெரிய கவிதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜார் ஆட்சி எதனால் செத்தது என்று அதன் பட்டியலுக்குத் தெரிந்திருக்கிறது, அதன் உவமைக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை அதைப் படிக்கிறபோது காளியை எடுத்துவிட வேண்டாம். அவள் பார்த்த மார்ச் 8 காலையில் தெருவில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு படிக்கலாம்.