பெர்ல்மனின் விருந்தாளி வயலின்

1995-இல் வந்த 'இன் தி ஃபிட்லர்ஸ் ஹவுஸ்' ஆல்பத்தைக் கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேற்கத்திய செவ்வியல் வயலினின் பெரும்புள்ளி இட்சாக் பெர்ல்மன், நான்கு கிளெஸ்மர் குழுக்களோடு உட்கார்ந்து வாசித்தது. ப்ரேவ் ஓல்ட் வேர்ல்ட், கிளெஸ்மாட்டிக்ஸ், ஆண்டி ஸ்டாட்மன் குழு, கிளெஸ்மர் கன்சர்வேட்டரி பேண்ட். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் படமாகவும் வந்தது.

கிளெஸ்மர்னா கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை. எபிரேயத்தில் இசைக்கருவிகளைக் குறித்த சொல். பின்னால் வாசிக்கிற ஆளைக் குறித்தது. அதிலும் ஏளனம் உண்டு: முறையாகப் படிக்காதவன், கூப்பிட்ட வீட்டுக்குப் போய் வாசிப்பவன். அமெரிக்காவில் குடியேறிய பல கலைஞர்களுக்கு அது வசவுதான். 1970-களில் அவர்களுடைய பேரன் பேத்தி தலைமுறை அந்த வசவையே பெயராக எடுத்துக்கொண்டது. நாஃப்டுலே பிராண்ட்வைன் மாதிரியானவர்கள் 1920-களில் பதிவு செய்த பழைய 78 ரெக்கார்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்தல். கிளெஸ்மரின் உயிர் 'க்ரெக்ட்ஸ்' என்ற விக்கல். சுரத்தின் வாலை வெடுக்கென்று அறுத்து, அழுகை தொண்டையில் நிற்கிற மாதிரி விடுவது. (இவர்களுடைய 'ஃப்ரைகிஷ்' சுரவரிசையை எழுதிப் பார்த்தால் நம் வகுளாபரணம்தான். காதுக்கு அப்படித் தோன்றாது, காரணம் இந்த விக்கல்.) பெர்ல்மனின் வில்லோ பெரிய அரங்கத்துக்குப் பழகியது. ஒவ்வொரு சுரமும் முழுசாக, வழவழவென்று வருகிறது. விக்க வேண்டிய இடத்தில் அவர் பாடிவிடுகிறார். வேகமான நடனங்களில் இது தெரியாது, சந்தோஷமாக ஓடிவிடுகிறார். மெதுவான பகுதிகளில் பக்கத்தில் கிளாரினெட் வந்ததும் பளிச்சென்று தெரிகிறது. ஸ்டாட்மன், பழைய தலைமுறையின் டேவ் தாராஸிடம் நேரடியாகக் கற்றவர். அந்த வித்தியாசம் சும்மா வராது.

அப்படியானால் ஆல்பம் வீணா? இல்லவே இல்லை. 'ஃப்ளாட்புஷ் வால்ட்ஸ்' கேளுங்கள். ஏதோ நூறு வருஷத்துக் கிராமத்து மெட்டு போலிருக்கும். இயற்றியவர் இதே ஸ்டாட்மன். ஃப்ளாட்புஷ் என்பது நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஒரு பேட்டை. அதில் பெர்ல்மன் நட்சத்திரமாக இல்லாமல் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக, கொடுத்த இடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். மொத்த ஆல்பத்திலும் அவர் வயலின் எனக்கு நெருக்கமாகப் பட்டது அங்கேதான்.

படத்தின் ஒரு பகுதி போலந்தின் கிராகோவில் எடுத்தது. பெர்ல்மனின் பெற்றோர் போலந்திலிருந்து போனவர்கள். போருக்கு முன் அந்த ஊரில் சுமார் 60,000 யூதர்கள். கல்யாணத்துக்கு ஆடியவர்களைக் கொன்றுவிட்ட மண்ணில் கல்யாண இசை வாசிப்பதன் கனத்தை ஒரு விழாப் படம் தாங்குமா என்பது என் சந்தேகம். அந்தக் கனம் ஆல்பத்தின் மெதுவான பகுதிகளில்தான் வந்திருக்க வேண்டும், அங்கேதான் வில் வழவழக்கிறது.

கேட்க நினைப்பவர்கள் முதலில் பிராண்ட்வைனின் மூன்று நிமிஷப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.