ஊர் மாறினால் உரிமம் மாறுமா?

2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. பணம் பாக்கி எதுவும் இல்லை. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் பெரும் பங்குதாரர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருந்தது, அவ்வளவுதான். டெல்லி உயர் நீதிமன்றப் படி ஏறிய பிறகே சேவை திரும்பியது. அடுத்த சில மாதங்களில் ‘சுதேசி மென்பொருள்’ என்ற முழக்கம் நாடெங்கும் ஓங்கியது. தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் அரட்டை செயலி கைபேசிகளில் நிறைந்தது. மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்களை ஸோஹோவுக்கு மாறச் சொன்னது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலும் ஸோஹோ தளத்துக்குப் போய்விட்டது. இனி நம் கழுத்தில் யாரும் கை வைக்க முடியாது என்று பத்திரிகைகள் எழுதின.

ஸோஹோவின் சாதனையில் எனக்கு ஐயமில்லை. 1996இல் தொடங்கி, வெளியார் முதலீடு வாங்காமல் வளர்ந்து, தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்பது சாதாரணக் காரியமல்ல. பிரஸ்ஸல்ஸில் போட்ட கையெழுத்து இங்குள்ள அலுவலகத்தை முடக்காது என்பதும் ஓர் ஆதாயம்தான். இவ்வளவையும் ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: பழுதானால் யாரைக் கூப்பிடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கு வந்துவிட்டதா?

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ கொண்டுபோய் காயில் கட்டி வருவார்கள். எந்தக் கம்பெனி மோட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டுபவர் சரியில்லை என்றால் அடுத்த கடை. மோட்டார் செய்த கோயம்புத்தூர் கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. மென்பொருளில் அந்த அனுமதிதான் எல்லாமே. அதை உரிமம் என்கிறோம். தயாரித்தவர் எந்த நாட்டவர் என்பது அந்தக் காகிதத்தில் ஒரு வரியைக்கூட மாற்றுவதில்லை.

டாலியைப் பாருங்கள். அதுவும் சுதேசிதான், பெங்களூரு சரக்கு. அரிசி ஆலையிலும் உரக்கடையிலும் அதில்தான் கணக்கு ஓடுகிறது. மாட்டிக்கொண்டால் வந்து பார்த்துக்கொடுக்க ஊருக்கு நாலு கணக்கர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது நல்லதே. ஆனால் ஜிஎஸ்டி விதி மாறிப் புதிய பதிப்பு வேண்டுமென்றால் கம்பெனிக்குச் சந்தா கட்டியாக வேண்டும். நிரலின் உள்ளே பிழை என்றால் அந்த நாலு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ஸோஹோ போன்ற மேகக் கணிமை வாடகை மென்பொருளில் இதுவும் இல்லை. நிரல் உங்கள் கணினிக்கு வருவதே இல்லை. உள்ளூர்க் கைக்குத் தொடுவதற்கு ஏதுமில்லை.

உரிமத்தின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அமெரிக்காவின் ஆரக்கிள்–ரிமினி ஸ்ட்ரீட் வழக்கு போதும். வாங்கிய மென்பொருளுக்கு ஆரக்கிள் ஆண்டுதோறும் விலையில் ஏறத்தாழ 22 சதவீதத்தைப் பராமரிப்புக் கட்டணமாகக் கேட்கும். மூன்றாம் கம்பெனியான ரிமினி அதில் பாதிக்கு அந்த வேலையைச் செய்து தந்தது. 2010இல் தொடங்கிய வழக்கில், 2015இல் நடுவர் குழு ரிமினியை 5 கோடி டாலர் கட்டச் சொன்னது. மூன்றாமவர் பராமரிப்பது குற்றம் என்று எவரும் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் மென்பொருள் நகலை ரிமினி தன் கணினியில் வைத்து வேலை பார்த்தது உரிமத்துக்குப் புறம்பு என்பதே பிரச்சினை. யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் அவர் கையைக் கட்டித்தான் வைப்பேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கம்பெனி நல்லவர் கையில் இருக்கிறதே என்பார்கள். விஎம்வேர் கம்பெனியின் மென்பொருளை வாங்கியவர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அந்தக் கம்பெனியையே வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தி, எல்லோரும் சந்தாவுக்கு வாருங்கள் என்றது. பழைய உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களால் அதற்கான பராமரிப்பைக்கூடப் புதுப்பிக்க முடியாமல் போனது. முதலாளியின் நற்குணத்தை நம்பி அரசு அலுவலகம் நடத்துவது அடிமைத்தனத்தின் மென்மையான வடிவம் என்றே நான் நினைக்கிறேன்.

சுதேசிக்கும் சுதந்திரத்துக்கும் பகை ஒன்றுமில்லை. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் எழுதிய ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள் கட்டற்றது; அதன் நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம். ஃபிராப்பேயின் சேவை பிடிக்கவில்லையா? அதே நிரலை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போகலாம். தன் நிரலை எவரும் பழுதுபார்க்கலாம் என்று விட்டுவிட்டு அந்த நிறுவனம் நன்றாகவே பிழைக்கிறது. இதைப் பார்த்த பிறகும் மூடிய நிரலைத் தேசபக்தி என்று விற்பவர்களை எப்படி ஏற்பது?

தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்ததே, யார் தொட்டார்கள் என்று கேட்பார்கள். தொட்டவர்கள் குறைவுதான். பழுதுபார்க்க ஆள் இல்லாத சுதந்திரம் வெறும் ஏட்டுச் சுதந்திரம் என்பதும் சரி. ஆனால் ஆள் வானத்திலிருந்து விழுவதில்லை. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுத் தருகிறது. கற்று முடித்த பிள்ளைக்கு மாவட்ட அலுவலகத்தின் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) வேலை கிடைத்தால் ஆள் தானே பெருகும். மூடிய உரிமம் வாங்கும் ஒவ்வொரு டெண்டரும் அந்தப் பிள்ளையின் வாசலை அடைக்கிறது.

புதிதாகச் சட்டம்கூட வேண்டாம். மத்திய அரசின் 2015 திறமூல மென்பொருள் கொள்கையே, டெண்டர்களில் திறமூலத்தையும் பரிசீலிக்க வேண்டும், அதை விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. ஸோஹோவின் மின்னஞ்சல் ஒப்பந்தம் 2023இல் ஏழு ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த டெண்டரில், நிரலை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், பராமரிப்பை மட்டும் தனியாக ஏலம் விடலாம் என்று இரண்டு நிபந்தனைகள் சேர்க்கட்டும். ஸோஹோவும் போட்டியிடட்டும், விழுப்புரத்துப் பட்டதாரிகள் நடத்தும் சிறு கம்பெனியும் போட்டியிடட்டும்.