‘ஆஜராக மாட்டோம்’ என்னும் தீர்மானம்

வழக்கறிஞர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிப் பேச்செழுந்தால் நீதிமன்றப் புறக்கணிப்பும் கட்டணமும்தான் முதலில் வரும். இரண்டையும் விடப் பெரிய பிறழ்வு ஒன்று மக்களின் கைதட்டலோடு நடந்துவருகிறது. மனம் பதறவைக்கும் குற்றம் நடந்ததும் வழக்கறிஞர் சங்கம் கூடி, கைதானவர்களுக்காக உறுப்பினர் எவரும் ஆஜராக மாட்டார்கள் என்று தீர்மானம் போடுகிறதே, அதைச் சொல்கிறேன்.

இது குறித்து உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியது தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான். கோவையில் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மோதல் ஏற்பட்டது. வழக்கில் சிக்கிய காவலர்களுக்காக யாரும் வாதாடக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. ஏ.எஸ்.முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு இத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்று அறிவித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 22(1) பிரிவு, கைதானவர் தான் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தேடிவரும் வழக்கை ஏற்பது வழக்கறிஞரின் கடமை என்று இந்திய பார் கவுன்சில் விதியும் சொல்கிறது. கோவையில் இன்னொரு கோணலும் இருந்தது. மோதலில் ஒரு தரப்பான சங்கமே, எதிர்த்தரப்புக்கு வழக்கறிஞர் கிடைக்காமல் செய்ய முயன்றது.

சங்கங்களின் தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. அவற்றை நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதல் வாதம், வழக்கறிஞருக்கும் மனசாட்சி உண்டு என்பது. உண்மைதான். தக்க காரணம் இருந்தால் ஒருவர் வழக்கை மறுக்கலாம். பார் கவுன்சில் விதியே அதற்கு இடம் தருகிறது. ஆனால், மனசாட்சி தனிமனிதருக்கு உரியது. சங்கத் தீர்மானம், வழக்கை ஏற்க நினைக்கும் சக வழக்கறிஞரின் மனசாட்சியைத்தான் முதலில் மிதிக்கிறது.

இரண்டாவது, சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தந்துவிடுமே என்பது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களும் அதே சங்கத்தின் உறுப்பினர்களே. சென்னையில் ஒருவர் மறுத்தால் இன்னொருவரைத் தேடலாம். செஞ்சி போன்ற சிறிய ஊரில் நீதிமன்றத்துக்கு வரும் வழக்கறிஞர்கள் எல்லாருமே ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். தளவானூர் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து வரும் ஒரு தாய், கைதான மகனுக்காக யார் வீட்டுப் படியேறினாலும் ‘சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள் அம்மா’ என்ற பதில்தான் கிடைக்கும். இதற்கிடையே காலம் கடந்துவிடும். குற்றத்துக்கு ஏற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அந்த ஒரு மனுவை எழுத ஆள் இல்லாததால் ஒருவர் மாதக்கணக்கில் சிறையில் கிடக்க நேரலாம்.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்க வேண்டாமா? 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையில் 17 பேர் கைதானார்கள். அவர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் சங்கம் அறிவித்தது. நீதிமன்ற வளாகத்திலேயே கைதானவர்களை வழக்கறிஞர்கள் தாக்கினார்கள். அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் 2020 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் 15 பேரைத் தண்டித்தபோது ஒருவரை விடுதலை செய்தது. அடித்த கைகளுக்கு அவர் யார் என்று தெரிந்திருக்காது. தண்டனை பெற்றவர்களும் விசாரணை முறையாக நடந்ததால்தான் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கறிஞர் இல்லாமல் பெறப்படும் தண்டனை மேல்முறையீட்டில் நிற்காது. அப்போது இழப்பு பாதிக்கப்பட்டவருக்கே.

வழக்கறிஞர் ஒருவர் வாதாடுவதால் என்ன மாறும் என்பதற்கு இன்னும் பெரிய சான்று நம் நினைவிலேயே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர்களில் பெரும்பாலோருக்காக மூத்த வழக்கறிஞர் என்.நடராஜன் வாதாடினார். மும்பைத் தாக்குதல் வழக்கில் ஃபஹீம் அன்சாரிக்காக வாதாடிய ஷாகித் ஆஸ்மி 2010 பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்சாரியின் விடுதலையை உச்ச நீதிமன்றமும் 2012-இல் உறுதிசெய்தது. ஊரே வெறுத்தவர்களுக்காக யாரோ ஒருவர் எழுந்து நின்றதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் இவை.

2010 தீர்ப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். தீர்மானங்கள் செல்லாது என்றது. மீறினால் என்ன தண்டனை என்று வகுக்கவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகும் 2012-இல் டெல்லியிலும் 2020-இல் கர்நாடகத்தின் ஹூப்ளியிலும் வழக்கறிஞர்கள் அதே வழியில் போனார்கள். ஹூப்ளியில் கைதான காஷ்மீர் மாணவர்களுக்கு வாதாட வெளியூர் வழக்கறிஞர்கள் போலீஸ் பாதுகாப்போடு வர வேண்டியிருந்தது.

எனவே என் முடிவு இது. வழக்கை மறுக்கும் தனி வழக்கறிஞரின் உரிமை காக்கப்பட வேண்டும். கூட்டாகத் தடுக்கும் தீர்மானம் எந்தக் குற்றத்திலும், எந்தக் கோபத்திலும் அறமாகாது. அதை முன்மொழிபவர்கள் மீது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி தமிழ்நாடு பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்க வேண்டும். உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது பக்கத்து மாவட்டத்திலிருந்து வழக்கறிஞரை அன்றே அனுப்பும் பொறுப்பை மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்க வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இப்படியொரு தீர்மானம் செய்தியில் வரும்போது கைதட்டாதீர்கள். கைதானவர் குற்றவாளியா இல்லையா என்பது அன்று நமக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது.