கடைசிப் பாடத்தில் கணினி

தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தாவரம், விலங்கு, விசை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ‘கணினி ஓர் அறிமுகம்’ வருகிறது. அடுத்த பருவங்களில் கணினியின் பாகங்கள், வன்பொருள், மென்பொருள். ஏழாம் வகுப்பில் படம் வரையும் டக்ஸ் பெயின்ட், எட்டில் விரிதாளுக்கான லிப்ரே ஆபீஸ் கால்க், ஒன்பதில் அதன் இம்ப்ரெஸ், பத்தில் நிரல் எழுதும் ஸ்க்ராட்ச். 2018-19 முதல் படிப்படியாக வந்த பாடத்திட்டம் இது. புத்தகத்தின் கடைசிப் பாடத்துக்கு என்ன கதி நேரும் என்பது பள்ளிக்கூட வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும். பருவத் தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் கையில் மிஞ்சுவது இரண்டு பீரியட். அதில் சுட்டி, விசைப்பலகை, திரை என்று பெயர்களை எழுதிப் போட்டு முடித்துவிடலாம்.

ஆனாலும் இந்தப் பாடத்திட்டத்தில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. மேலே சொன்னவை எல்லாமே கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருள்கள். பிள்ளை பள்ளியில் கற்றதை வீட்டில் செய்துபார்க்க யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டாம். ஒரு நிறுவனத்தின் பொருளுக்குச் சிறு வயதிலேயே வாடிக்கையாளராகவும் வேண்டாம். அரசுக் கல்வி எடுத்த நல்ல முடிவு இது. வரிசைதான் உதைக்கிறது. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று உருவாக்கப்பட்ட ஸ்க்ராட்ச், பொதுத்தேர்வு கழுத்தை நெரிக்கும் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. விளையாடிப் பார்க்க நேரமிருக்கும் ஆறாம் வகுப்பில் பாகங்களின் பெயர்ப்பட்டியல்.

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கும் காடாம்புலியூரை எடுத்துக்கொள்வோம். முந்திரியும் பலாவும் விளையும் மண். முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி வாங்கும் பெண்கள் சுற்றுவட்டாரமெங்கும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளை அன்றாடம் தொடும் கணினி எது? வேலை முடித்து வரும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் செல்போன். பணம் அனுப்ப அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதும், தாத்தாவுக்கு யூடியூபில் கூத்து தேடித் தருவதும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த வீட்டுப்பாடத்தை எழுதிக்கொள்வதும் அந்தப் பிள்ளைதான். இந்தச் செல்போனுக்குப் பாடத்தில் இடமே இல்லை. பாடம் கற்பிக்கும் கணினியும் பிள்ளை புழங்கும் கணினியும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. மற்ற குறைகள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

கருவி இல்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன; 2024 முதல் நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அந்த அறையின் பொழுது எதில் போகிறது என்று பாருங்கள். கொள்குறி வினாக்களுக்கு விடை அழுத்தும் மதிப்பீடுகள், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றும் வேலை. லேப்பைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர்கள் தலையிலும் எமிஸ்தான் விழுந்தது. மாணவருக்கு அங்கே கிடைப்பது தேர்வு எழுதும் அனுபவம். தானாக ஒன்றைச் செய்துபார்க்கும் அனுபவம் அபூர்வம். கணினி ஆசிரியர் பணியிடமோ மேல்நிலை வகுப்புகளை நம்பியே இருக்கிறது. கணினி அறிவியலில் பி.எட். முடித்துக் காத்திருப்பவர்கள் இருக்க, நடுநிலையில் அறிவியல் ஆசிரியரே கணினிக்கும் பொறுப்பு. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பொறுப்பான பயன்பாடு என்ற பகுதி இன்னும் பலவீனம். அது பாடமாக வருவதைவிட விழிப்புணர்வுக் கூட்டமாகவே வருகிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு காவல்துறை அதிகாரி பேசுவார், 1930, 1098 என்ற உதவி எண்களைச் சொல்வார், செல்போனைத் தொடாதே என்று முடிப்பார். எண்கள் மிகவும் தேவைதான். ஆனால் அன்று மாலையே வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும்போது ‘தொடாதே’ என்பதற்கு என்ன பொருள்?

பிள்ளைகள் ஏற்கெனவே தொட்டுவிட்டார்கள் என்பதை, நாட்டின் ஊரகப் பகுதிகளில் எடுக்கப்பட்ட 2024 ஏசர் கல்விக் கணக்கெடுப்பு எண்களில் காட்டுகிறது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்துக்கு மேல் ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்தவர்கள். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்கு 76 சதவீதம். சமூக ஊடகம் பயன்படுத்துவோரில் ஒரு கணக்கைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம். கடவுச்சொல்லை மாற்றத் தெரிந்தவர்கள் 58 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கடவுச்சொல் மாற்றுவதை லேப்பில் ஒரு பீரியடில் கற்றுத்தரலாம். அதற்குப் புதுத் திட்டமும் வேண்டாம், புது நிதியும் வேண்டாம்.

அதே கணக்கெடுப்பில் போனைக் கையாளத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருப்போர் ஆண்பிள்ளைகளில் 36 சதவீதம், பெண்பிள்ளைகளில் 27. இந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவன் மோசமான செய்தி அனுப்பினான் என்று பெண்பிள்ளை வீட்டில் சொன்னால் முதலில் பறிபோவது அவள் கையிலுள்ள போன். சில வீடுகளில் அடுத்தது படிப்பு. ஆகவே அவள் சொல்லமாட்டாள். ‘பெற்றோரிடம் சொல்’ என்ற அறிவுரை இந்த இடத்தில் வேலை செய்யாது. அனுப்பியவனைத் தடுப்பது எப்படி, ஆதாரத்தை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது எப்படி, பள்ளியில் எந்த ஆசிரியையிடம் போனால் விஷயம் தெருவுக்கு வராது என்பவைதான் அவளுக்கு வேண்டிய கணினிப் பாடம். கூடவே பெற்றோருக்கும் ஒரு கூட்டம் போட வேண்டும். சொன்ன பிள்ளையைத் தண்டித்தால் அடுத்த முறை வாய் திறக்காது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பள்ளியில் கணினி கற்பிப்பதில் கேரளம் முந்திக்கொண்டது. 2000களின் தொடக்கத்தில் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற நிறுவனமான அமைப்பு, எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தது. 2018இல் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வந்து, லேப்பைப் பராமரிக்கும் வேலையில் மாணவர்களையே சேர்த்துக்கொண்டன. 2022இல் பொய்ச்செய்தியை இனங்காணும் பயிற்சி ஐந்தாம் வகுப்பிலிருந்து தரப்பட்டது. அங்கும் எல்லாப் பள்ளியும் ஒன்றுபோல் இருக்காதுதான். ஆனால் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனிப் புத்தகம் உண்டு, எஸ்எஸ்எல்சியில் அதற்கான தேர்வு கணினியிலேயே நடக்கிறது.

நம்மிடம் இப்போது டிஎன் ஸ்பார்க் வந்திருக்கிறது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ், இணையக் கருவிகள் ஆகியவற்றைச் சொல்லித்தரும் திட்டம். எண்ணம் நல்லது. ரோபோ என்ற சொல்லின் கவர்ச்சியில் கடவுச்சொல் பின்னுக்குப் போய்விடுமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. இதை எப்படி மதிப்பிடப் போகிறார்கள் என்பதில்தான் அது தெரியும். காடாம்புலியூர்ப் பிள்ளை தாளில் வரையறை எழுதினால் மதிப்பெண் என்றால், இதுவும் இன்னொரு கடைசிப் பாடம். தாத்தாவுக்கு வந்த பார்வர்டு பொய்யா உண்மையா என்று லேப்பில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தால் மதிப்பெண் என்றால், பிள்ளைகள் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்குவார்கள்.