வானொலியில் ஒரு சிக்கன பாஷை

விமானியும் தரையிலுள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் ரேடியோவில் சம்பாஷிக்கும் பாஷையில் உபசாரத்துக்கோ அலங்காரத்துக்கோ இடமில்லை எனினும், அதற்கே உரிய கம்பீரம் ஒன்று உண்டென்பது என் அபிப்பிராயம். ஒன்பதை ‘நைனர்’ என்று உச்சரிக்கும் விதி முதலில் விநோதமாகத் தோன்றலாம். இரைச்சலுக்கிடையே ‘நைன்’ என்பது ‘ஃபைவ்’ என்று செவியில் விழுந்தால் விளையும் விபரீதத்தை எண்ணுகிறவருக்கு அது விவேகமாகவே படும். ‘ரோஜர்’ என்றால் கேட்டுக்கொண்டேன் என்பது மட்டுமே. சம்மதம் அன்று (சினிமாக்காரர்கள் இதை ஒருபோதும் மதித்ததில்லை). உயரம், ஓடுபாதை முதலியன பற்றிய உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் அதைச் செவிமடுத்துப் பிழையிருந்தால் திருத்துவார்.

இந்தக் கண்டிப்பு வீணன்று. 1977 மார்ச் 27 அன்று, டெனரீஃப் தீவின் மூடுபனியில், அனுமதி பெறாமலே ஓடத் தொடங்கிய கேஎல்எம் விமானத்திலிருந்து வந்த தெளிவற்ற வாசகத்துக்குக் கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று தொடங்கிப் பதிலளிக்க, காத்திருக்கும்படி அவர் தொடர்ந்து சொன்னது, அதே கணத்தில் பான்ஆம் விமானமும் பேசியதால் எழுந்த கீச்சொலியில் அமிழ்ந்துபோக, இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர். அதன்பின், ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ அன்றி உபயோகிக்கலாகாது என்று வரையறுத்தார்கள். மற்ற சமயங்களிலெல்லாம் ‘டிபார்ச்சர்’தான்.